அந்தத் துணியை அவள் கையில் நான் கட்டவில்லை

எய்யா,

உன் கடிதம் நேற்றுக் காலை காதர் பாய் கையில் வந்து சேர்ந்தது. கடைச் சரக்கோடு நீ இருக்கிற ஹட் பேக்கும் இங்கே போர்ட் பிளேருக்கும் கப்பலில் போய் வருகிற மனுஷன் என்பதால் தபாலைவிட அவரைத்தான் நான் நம்புகிறேன். வாசித்தேன். மறுபடி வாசித்தேன். நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய். செம்பனைக் கன்று நடுகிற வேலை, குவார்ட்டர்ஸ் கூரை ஒழுகுவது, மேஸ்திரியோடு சண்டை, எல்லாம் விலாவாரியாக. கடைசியில் போகிற போக்கில் ரெண்டு வரி. "சலோமிக்கு எட்டு மாசம் நடக்கு. காலும் முகமும் கொஞ்சம் வீங்கியிருக்கு, அடிக்கடி தலைவலிங்கா, மத்தபடி சௌக்கியம். போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்கு வரவே மாட்டேன்னு ஒத்தக் கால்ல நிக்கா. நானும் வற்புறுத்தல. அவுகளுக்குப் பிள்ளை பெறுறது தும்முத மாதிரின்னு நீதானம்மா சொல்லுவ."

அட கோட்டிக்காரப் பயலே! கட்டின பெண்டாட்டியைப் பற்றியா இப்படி எழுதுகிறாய்? ஊரையும் உறவையும் என்னையும் எதிர்த்துக்கொண்டு ஒரு ராஞ்சிப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டாய். ஆனால் அவள் உடம்பைப் பற்றி நான் சின்ன வயதில் உன் காதில் ஓதிய ஒரு வாக்கியத்தை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறாய். உன்னைத் திட்டி என்ன பிரயோசனம்? போட்டவள் நான், முளைத்தது உன்னிடம். அந்த வாக்கியத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். கவரை ஒட்டவில்லை. காதர் பாய் படித்தாலும் சரி, கப்பலில் யார் படித்தாலும் சரி. இத்தனை வருஷம் மூடி வைத்தது போதும்.

முதலில் செய்யவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு கதை. எட்டாம் மாதத்தில் முகம் வீங்கி, தலைவலியும் சேர்ந்தால் அதற்குப் பெயர் சௌக்கியம் இல்லை. ரத்த அழுத்தம் ஏறுகிறது என்று அர்த்தம். ஏற விட்டால் ஜன்னி வரும், கை கால் இழுக்கும், தாயும் பிள்ளையும் ஒரே நாளில் போவார்கள். பிரசவம் பார்த்தே காலம் கழித்தவள் சொல்லுகிறேன். இந்தக் கடிதம் வருகிற கப்பல் மறுநாள் திரும்புகிறது. அதில் அவளை ஏற்றிவிடு. அடுத்த கப்பல் எப்போது என்று ஷிப்பிங் ஆபீஸில் கேட்டதற்கு, "மௌசம் கராப் ஹை, மாஜி", வானிலை மோசம் என்று வானத்தைக் காட்டிக் கையை விரித்துவிட்டான். நானே வந்து அவளைக் கூட்டிக்கொண்டு வரலாம் என்று மரைன் ஹில் இறக்கத்தில் இந்த முழங்காலை வைத்துக்கொண்டு இறங்கிப் போய்க் கவுண்டரில் நின்றேன். போகிற பக்கம் ஒரு இடம்கூட இல்லை. திரும்பும்போது தன் இடத்தை அவளுக்குத் தருவதாக காதர் பாய் சொல்லியிருக்கிறார். நான் இந்தப் பக்கம், நடுவில் கடல், உன் பெண்டாட்டி அந்தப் பக்கம். இப்போதைக்கு இந்தக் காகிதம் ஒன்றுதான் அங்கே வர முடியும்.

அவள் ஏன் வரமாட்டேன் என்கிறாள் என்று நீ கேட்டாயா? கேட்டிருக்க மாட்டாய். அவள் அம்மா வழியில் ஒரு பேச்சு உண்டு. டிஸ்பென்சரிக்கு நடந்து போகிற பெண் பலகையில் திரும்பி வருவாள் என்பார்கள். மத்திய அந்தமானில் காட்டு வேலை செய்த ராஞ்சிக் குடும்பங்கள் எல்லாவற்றிலும் அந்தப் பேச்சு இருக்கிறது. அதை அறியாமை என்று நினைக்காதே. அது எந்த டிஸ்பென்சரியில், எந்த நர்ஸிடமிருந்து புறப்பட்டது என்று எனக்குத் தெரியும். இதில்தான் நான் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன். சொல்லாவிட்டால் நீ அவசரப்பட மாட்டாய். சொன்னால் அவள் என் முகத்தில் விழிக்க மாட்டாள். ராத்திரி பூராவும் யோசித்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன்.

உனக்கு நான்கு வயது. காட்டிலாகா கேம்பில் மரம் அளக்கிற வேலையில் இருந்த உன் அப்பா மலேரியாவில் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மிட்வைஃப் படிப்பு படித்திருந்ததால் அதே கேம்ப் டிஸ்பென்சரியில் எனக்கு வேலை போட்டுக் கொடுத்தார்கள். வேலையோடு குவார்ட்டர்ஸ், வேலை போனால் அதுவும் போகும். மெயின்லேண்டுக்குத் திரும்பிப் போனால் தாலியறுத்தவளையும் பிள்ளையையும் வா என்று சொல்ல என் அண்ணன் வீட்டில் யாருக்கும் வாய் வந்திருக்காது. சுற்றிலும் காடு, காட்டைச் சுற்றிக் கடல். கேம்பில் மேட்டின் மேல் ஸ்டாஃப் வீடுகள், நடுவில் டிஸ்பென்சரி, ஓடைக்கு அந்தப் பக்கம் கூலிக் குடிசை வரிசை, ராஞ்சி லைன். சோட்டாநாக்பூர் மலைகளிலிருந்து மரம் வெட்ட ஆள் பிடித்துக் கொண்டுவந்த சனங்கள் அவர்கள். அவர்களுக்குள் எத்தனையோ குலம், எத்தனையோ பேச்சு. நமக்கு எல்லாரும் ராஞ்சிதான். யானை இழுக்க முடியாத இடத்தில் அவர்கள் கட்டையை இழுத்தார்கள். அதனால் அவர்கள் உடம்பே வேறு, வலி தெரியாத உடம்பு என்று நாங்கள் எல்லாரும் பேசிக்கொண்டோம்.

டிஸ்பென்சரியில் ஒரே ஒரு பிரஷர் மிஷின் இருந்தது. மரப்பெட்டிக்குள் பாதரசக் குழாய், கையில் சுற்றிக் கட்ட ஒரு சாம்பல் நிறத் துணிப்பட்டை. நான் வேலையில் சேர்ந்த புதிதில் ஹெட்கிளார்க் சம்சாரம் கோமதி வந்து உட்கார்ந்து கையை நீட்டினாள். நம்ம திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, எனக்கு அந்தக் கேம்பில் இருந்த ஒரே பேச்சுத்துணை. வாசலில் ரெண்டு ராஞ்சிப் பெண்கள் காத்து நின்றார்கள். கோமதி அவர்களைப் பார்த்தாள், பட்டையைப் பார்த்தாள், சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"ஏ நர்ஸக்கா, அவளுவ கையில கட்டுனதையா எங் கையில கட்டப் போறிய?"

நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "சேச்சே, இது ஸ்டாஃபுக்கு மட்டுந்தான் கோமதி. நீ கைய நீட்டு" என்றேன். அதுவரை அப்படி ஒரு சட்டம் அங்கே கிடையாது. என் வாயிலிருந்து விழுந்த நிமிஷத்தில் சட்டமாகிவிட்டது. கோமதி தலையில் பழியைக் கட்டிவிட்டு நான் நழுவப் பார்க்கவில்லை. எனக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது. சேறும் மரப்பாலும் ஒட்டிய கையில் அந்தத் துணியைச் சுற்ற எனக்கே மனசு கூசியது. கிழிந்தால் புதுப்பட்டை வர ஆறு மாதம் ஆகும், துவைத்தால் சீக்கிரம் வீணாகும் என்று காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன். ராஞ்சிப் பெண்கள் வந்தால் நாக்கை நீட்டச் சொல்வேன், கண்ணை இழுத்துப் பார்ப்பேன், மாத்திரை கொடுத்து அனுப்புவேன். அவர்களுக்கும் அதற்கு மேல் ஒன்று உண்டு என்று தெரியாது.

ரெண்டு வருஷம் கழித்து ஒரு மழைக்காலம். கோமதிக்கு எட்டு மாதம், கால் வீங்கியிருந்தது. அதே சமயம் ராஞ்சி லைனில் புத்னி என்று ஒரு பெண், அவளுக்கும் எட்டு மாதம், அவளுக்கும் கால் வீக்கம். புதன்கிழமை பிறந்தவள் என்பதால் அந்தப் பெயராம், அதையும் பின்னால்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவள் புருஷன் எத்வா கட்டை இழுக்கிற ஆள். புத்னி ஓடையைத் தாண்டி என்னிடம் மூன்று தடவை நடந்து வந்தாள். முதல் தடவை காலைக் காட்டினாள். சுமை தூக்குகிற கால் வீங்கத்தான் செய்யும், படுத்து எழுந்தால் வடியும் என்றேன். இரண்டாவது தடவை தலைவலி என்றாள். ரெண்டு மாத்திரை கொடுத்தேன். ரொம்ப வலிக்கிறதா என்று கேட்டதற்கு, "தோடா ஹை, தீதி" என்றாள். கொஞ்சம்தான் அக்கா, என்று. சர்க்கார் ஆளிடம் அதிகம் என்று சொல்ல அவளுக்குப் பயம். எனக்கு அந்தக் 'கொஞ்சம்' போதுமானதாக இருந்தது. மூன்றாவது தடவை வந்து, கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிறது, சோற்றுப்பானை ரெண்டாகத் தெரிகிறது என்றாள். ஒன்றும் இல்லை, போய்ப் படு என்று மாத்திரையை நீட்டினேன். மிஷின் என் முழங்கை எட்டுகிற தூரத்தில் மேஜை மேல் திறந்தே இருந்தது. அன்று காலையில்தான் கோமதிக்குக் கட்டிப் பார்த்தேன். பாதரசம் ஏறி நின்றதைப் பார்த்துவிட்டு, "உடனே போர்ட் பிளேர் போயாகணும்" என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருந்தேன். அவளுக்காக சர்க்கார் மோட்டார் படகு, அந்த லாஞ்ச், படகுத்துறை ஜெட்டியில் நின்றுகொண்டிருந்தது.

இத்தனை காலமும் எனக்கு நானே ஒரு பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த லாஞ்சில் இடம் இல்லை, இருந்திருந்தால் புத்னியையும் அனுப்பியிருப்பேன் என்று. இடம் இருந்தது. கோமதியும் அவள் புருஷனும் ஒரு டிரங்குப் பெட்டியும் மட்டும்தான் ஏறினார்கள். பத்துப் பேர் உட்காரலாம். நான் ஜெட்டியில் நின்று கையாட்டி வழியனுப்பிவிட்டு வந்தேன். புத்னி அப்போது மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு ஓடையைத் தாண்டிக்கொண்டிருந்தாள். அவள் கையில் அந்தத் துணியைக் கட்டிப் பார்த்திருந்தால் நான் அவளுக்கும் ஒரு சீட்டு எழுதித்தான் ஆகியிருக்கவேண்டும். நான் ஒன்றும் ராட்சசி இல்லை, எய்யா. பார்த்திருந்தால் அனுப்பியிருப்பேன். பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு ஒரு வழக்கம் வைத்திருந்தேன்.

மறுநாள் விடிந்ததும் எத்வாவும் நாலு பேரும் அவளை ஒரு பலகையில் வைத்துத் தூக்கி வந்தார்கள். இழுப்பு நிற்கவில்லை, நாக்கைக் கடித்திருந்தாள். அப்போதுதான் கட்டினேன். ஒரு ராஞ்சிப் பெண்ணின் கையில் அந்தப் பட்டை ஏறியது அதுதான் முதல் தடவை. பாதரசம் நான் அதுவரை பார்க்காத இடத்தில் போய் நின்றது. என்னிடம் இருந்த மருந்தெல்லாம் கொடுத்தேன். லாஞ்ச் போர்ட் பிளேரில் இருந்தது. மத்தியானத்துக்குள் வயிற்றில் இருந்ததோடு அவள் போய்விட்டாள். எத்வா கத்தவில்லை, அழவில்லை. என்னைப் பார்த்து, "ஆப்னே தோ போலா தா தீதி, குச் நஹி ஹை" என்றான். ஒன்றும் இல்லை என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று. அவ்வளவுதான். அதே பலகையில் தூக்கிக்கொண்டு போனார்கள். சாயங்காலம் நான் அந்தத் துணிப்பட்டையைச் சோப்புப் போட்டுத் துவைத்தேன். ஆறு மாதம் துவைக்காத துணி. அடுத்த நாள் ஸ்டாஃப் வீட்டுப் பெண்கள் வருவார்களே என்று துவைத்தேன். இதை எழுதும்போது எனக்கு என் மேலேயே காறித் துப்பவேண்டும் போல் இருக்கிறது.

கோமதி போர்ட் பிளேரில் ஆண் குழந்தை பெற்று, பவுடர் வாசனையோடு திரும்பி வந்தாள். அவளோடு அதே லாஞ்சில் மாதம் ஒரு முறை வருகிற டாக்டரும் வந்தார். புத்னி எப்போது வந்தாள் என்று கேட்டார். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். நீ அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருந்தாய். வேலை போனால் உன்னைத் தூக்கிக்கொண்டு எந்தக் கரையில் போய் நிற்பேன் என்று ஒரு கணம் நினைத்தேன். "லேட்டா வந்தாங்க சார். அந்த சனமே அப்படித்தான்" என்றேன். அவர் எழுதிக்கொண்டார். உன்னைக் காரணம் காட்டுவதாக நினைத்து வருத்தப்படாதே. பயந்தது நான்.

பிறகு நடந்ததைக் கேள். ராஞ்சி லைனுக்கே வாரம் ஒரு நாள் மிட்வைஃப் போய்ப் பார்க்கவேண்டும் என்று யாரோ மேலே எழுதினார்களாம். அவர்கள் எப்படியும் தாமதமாகத்தான் வருவார்கள், போய் என்ன பயன் என்று பதில் வந்தது. என் வாக்குமூலம் ஆபீஸ் ஆபீஸாக ஏறி எனக்கே உத்தரவாகத் திரும்பி வந்தது. அதைவிடக் கொடுமை, அந்தப் பொய் நிஜமும் ஆயிற்று. புத்னிக்குப் பிறகு அந்தப் பெண்கள் டிஸ்பென்சரிப் பக்கம் வருவதையே விட்டுவிட்டார்கள். இழுப்பு வந்த பிறகு, ரத்தம் நிற்காத பிறகு, வேறு வழியில்லாமல் பலகையில் வந்தார்கள். நான் ஒவ்வொரு தடவையும் 'தாமதமாக வந்தார்' என்று எழுதினேன், இப்போது அது உண்மை. தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை. எத்வா தினமும் டிஸ்பென்சரி வாசல் வழியாகத்தான் வேலைக்குப் போவான். நின்று, "நமஸ்தே தீதி" என்பான். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த நமஸ்தேவுக்குப் பயந்து பின்வாசல் வழியாகப் போய்வர ஆரம்பித்தேன். ராஜினாமா எழுதிக் கிழித்தேன். மாற்றல் கேட்டேன், கிடைக்கவில்லை. காடும் கடலும் குவார்ட்டர்ஸ் சாவியும் என்னை அங்கேயே அழுத்தி உட்காரவைத்தன. அந்த நாட்களில்தான் உனக்குச் சோறு ஊட்டிக்கொண்டே, அவுகளுக்குப் பிள்ளை பெறுறது தும்முத மாதிரி என்று சொல்லத் தொடங்கினேன். உனக்குச் சொல்லவில்லை, எனக்கே சொல்லிக்கொண்டேன். நீ கேட்டுவிட்டாய்.

பல வருஷம் கழித்துப் பெரார்கஞ்ச் ஆஸ்பத்திரிக்கு மாற்றல் வந்த பிறகு எல்லார் கையிலும் கட்டினேன். வங்காளி, தெலுங்கு, ராஞ்சி என்று பார்க்கவில்லை. அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. அங்கே என்னைத் தடுக்க கோமதி இல்லை, அதனால் கட்டினேன். கோமதி இருந்த இடத்தில் ஒரு நாள்கூட எனக்குத் தைரியம் வரவில்லை. நீ சலோமியை முதல்முதல் மரைன் ஹில் வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று பார், நான் மாறிவிட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அவளுக்குக் காபி ஊற்ற என் கை தானாகவே வெளி ஆட்களுக்கு வைத்திருந்த கண்ணாடிக் கிளாஸை எடுத்தது. உனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது. குடித்துவிட்டு அதைத் தானே கழுவித் தனியாகக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். உங்கள் கல்யாணத்துக்கு நான் வராததற்கு முழங்காலைக் காரணம் சொன்னேன். முழங்கால் அன்று நன்றாகத்தான் இருந்தது.

இனி நான் சொல்வதைச் செய். கடிதத்தை மடித்துப் பையில் வைத்ததும் அவளை அங்கே இருக்கிற டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போ. கையில் பட்டையைக் கட்டிப் பார்க்கச் சொல். கட்டுகிறார்களா என்று நீ கண்ணால் பார்க்கவேண்டும். வெளியே நின்று பீடி குடித்துக்கொண்டிருக்காதே. நாக்கைப் பார்த்து மாத்திரை கொடுத்து அனுப்பினால் அங்கேயே உட்கார்ந்து சண்டை போடு, மேஸ்திரியோடு போடுகிற சண்டையை அங்கே போடு. வலிக்கிறதா என்று கேட்டால் அவள் 'தோடா' என்பாள். கொஞ்சம் என்று அவள் சொன்னால் நிறைய என்று நீ சொல். உப்பைக் குறை, இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல், தனியாக விடாதே. கப்பலுக்குப் போகிற படகில் அலை அடிக்கும்போது அவளை ஏணியில் ஏறவிடாதே. நாலு பேரைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கி ஏற்று. இடம் இல்லாவிட்டால் டெக்கில் நின்றாவது நீயும் கூட வா. லீவு தரமாட்டேன் என்றால் தராமலே வா.

ஏறமாட்டேன் என்று அழுவாள். அப்போது இந்தக் கடிதத்தை எடுத்து இந்தியில் அவளுக்குச் சொல். ஒரு வரி விடாமல் சொல், துணியைத் துவைத்ததையும் கிளாஸையும்கூட. நீ பயப்படுவது சரிதான், அந்தப் பெண்கள் தாங்களாகச் சாகவில்லை, அவர்களைப் பார்க்காமல் விட்டவள் என் அம்மா என்று சொல். இப்போது உன் கையில் கட்டிப் பார்க்க ஆள் இருக்கிறது, நான் பக்கத்தில் நின்று கட்டவைப்பேன் என்று சொல். அந்தப் பொம்பளை வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்பாள். மிதிக்கவேண்டாம். காதர் பாய் சம்சாரம் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் தன் வீட்டில் ஒரு அறையை ஒழித்து வைத்திருக்கிறாள். நேற்றே போய்க் கேட்டுவிட்டேன், ஏன் என்றும் சொல்லிவிட்டேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள், பார்க்கட்டும். பிரசவம் முடிகிற வரை நான் அந்தத் தெருப்பக்கம் வரமாட்டேன். பேரப்பிள்ளையைக் காட்டமாட்டேன் என்றாலும் கேட்டுக்கொள்கிறேன்.

கப்பல் வருகிற அன்று ஜெட்டியில் மட்டும் நிற்பேன். அவள் கண்ணில் படாமல் கூட்டத்துக்குப் பின்னால் நின்றுகொள்கிறேன். இறங்குகிறாளா என்று பார்த்துவிட்டுப் போய்விடுவேன். நான் எழுதியதைக் கேட்டு அவள் என்னை ஏசினால் தடுக்காதே, எய்யா. சமாதானம் சொல்லிக்கொண்டு நிற்காதே, நேரம் இல்லை. ஏசட்டும். ஏசிக்கொண்டே கப்பல் ஏறட்டும்.

உன் அம்மா